தேவாசீர்வாதத்தின் வம்சம்

தேரியில் குடியிருந்த ஐயரிடம் ஞானசிகாமணி கேட்ட முதல் கேள்வி ஒரு கணக்குக் கேள்வி.

“ஐயா, அந்தக் காலத்து ஆட்கள் எப்படித் தொள்ளாயிரம் வருஷம் இருந்தாங்க?”

எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்பார்கள். யேசுவடியான் ஐயர் சபை வேலையை விட்டு வந்து பல வருஷம் ஆகியும் அந்தப் பட்டம் மட்டும் அவரை விடவில்லை. செம்மணல் தேரியில் ஒரு பனையோலைக் குடிசை, ஒரு கிணறு, நாலு முருங்கை. சனிக்கிழமைகளில் ஐந்தாறு பேர் வந்து மணலில் உட்காருவார்கள். அவர் பிரசங்கம் செய்வதில்லை. கேட்டால் பதில் சொல்வார். சில நாள் அதுவும் கிடையாது.

வருகிறவர்களில் மூத்தவர் சிகாமணிதான். வயது அறுபத்தேழு. ஐயருக்கு ஐம்பதுகூட நிறையவில்லை. குரு சீடனை ‘அண்ணாச்சி’ என்பதும் சீடன் குருவை ‘ஐயா’ என்பதும் புதிதாக வருகிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். போகப் போகப் பழகிவிடும்.

சிகாமணி மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வேதத்தில் எல்லாரும் புரட்டித் தள்ளிவிட்டுப் போகிற வம்ச வரலாற்றுப் பக்கங்கள்தான் அவருக்கு உயிர். யார் எத்தனையாவது வயதில் யாரைப் பெற்றான், அதற்குப் பிறகு எத்தனை வருஷம் இருந்தான், எப்போது செத்தான், எல்லாம் அவருக்கு விரல் நுனியில்.

“நீங்க கணக்கு வாத்தியார். நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி” என்றார் ஐயர்.

“கணக்குப் போட்டாச்சு ஐயா. நோவாவோட அப்பா பிறக்கும்போது ஆதாம் உசிரோட இருக்காரு. ஒன்பது தலைமுறை. ஒரே சமயத்துல.”

“ஒரே வீட்டுலயா?”

சிகாமணி அதை யோசித்ததில்லை. “அது எழுதியிருக்கல.”

“எழுதியிருக்கல. ஆனா நினைச்சுப் பாருங்க. மேல எட்டு அப்பா உசிரோட இருக்கிற வீட்டுல, ஒன்பதாவது ஆள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச முடியுமா?”

உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். சிகாமணி சிரிக்கவில்லை. அவருக்கு ஒரே ஒரு அப்பாதான். அந்த ஒருவர் முன்னாலேயே அவரால் வாயைத் திறக்க முடியவில்லை.

மற்றவர்கள் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. ஐயர் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

“கேக்க வந்தது அது இல்லைபோல.”

“இல்ல ஐயா.”

“அப்ப அதைக் கேளுங்க.”

சிகாமணி வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினார். தட்டித் தீர்ந்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

“தகப்பனைக் கனம்பண்ணினா ஆயுசு கூடும்னு சொல்லியிருக்குல்லா?”

“சொல்லியிருக்கு.”

“நான் பண்ணினேன் ஐயா. ஆயுசும் கூடிச்சு. அப்பாவுக்கு.”

அவருடைய அப்பா தேவாசீர்வாதத்துக்கு அப்போது தொண்ணூற்றாறு வயது. பல் போய்விட்டது, குரல் போகவில்லை. வீட்டுச் சாவிக்கொத்து இன்னும் அவர் இடுப்பில்தான் தொங்கியது. அரிசி இருக்கிற அறைக்குக்கூடப் பூட்டு. மகனை அவர் ‘ஏல சின்னவனே’ என்றுதான் கூப்பிடுவார். பெரியவன் மதராசுக்குப் போய் அங்கேயே செத்தும் போனான். அப்படியும் இவர் பெரியவன் ஆகவில்லை.

சாவி போகட்டும், கூப்பிடுவதும் போகட்டும். சிகாமணியை அரித்தது ஒரு ஜன்னல்.

அந்த வீட்டு அடுக்களையில் ஒரு காலத்தில் ஜன்னல் இருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் பங்காளி மனாசேயின் முற்றம் தெரியும். ஒரு வருஷம் கோயில் அசன விருந்தில், ஊர் முழுக்கப் பந்தியில் உட்கார்ந்திருக்க, முதல் இலை மனாசேக்குப் போட்டுவிட்டார்கள். தேவாசீர்வாதத்துக்கு இரண்டாவது இலை. அவர் சாப்பிடாமல் எழுந்து வந்து, அன்று சாயங்காலமே செங்கல்லும் சிமென்டும் வாங்கி, தன் கையாலேயே அந்த ஜன்னலை அடைத்தார். மனாசே முகத்தில் இனி என் வீட்டு அடுப்புகூட விழிக்காது என்றார்.

மனாசே செத்து முப்பது வருஷம் ஆகிவிட்டது. பிள்ளைகள் இடத்தை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். வாங்கினவன் வந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த முற்றத்தில் இப்போது முள் உடைமரம்தான் நிற்கிறது. ஒரு சோற்று இலைக்காக ஒரு மனுஷன் உடைமரத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார் என்றால் கேட்கிறவர்களுக்கு வேடிக்கைதான். அந்த அடுக்களைக்குள் நின்று சமைத்தவளுக்கு வேடிக்கையாக இல்லை.

சமைத்தவள் சிகாமணியின் மனைவி சொர்ணபாய். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விறகுப் புகை. ஊரெல்லாம் காஸ் வந்த பிறகும் அந்த வீட்டுக்கு வரவில்லை. காஸில் வெந்த சோறு வயிற்றில் நிற்காது என்பது தேவாசீர்வாதத்தின் சட்டம். சொர்ணபாய்க்கு இப்போது பத்து அடி நடந்தால் இழுப்பு. நெஞ்சு முழுக்கப் புகைதான், காற்றோட்டம் இல்லாத இடத்தில் இருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“அப்பாகிட்டே கேட்டியளா?” என்றார் ஐயர்.

“நாப்பது வருஷமா கேக்கேன். நான் கண்ணை மூடினப்பறம் திறந்துக்கோன்னு சொல்லுதாவ.”

சிகாமணி மறுபடியும் வேட்டியைத் தட்டினார்.

“காலையில எழுந்ததும் அப்பா கட்டில்கிட்ட போவேன் ஐயா. மூக்குகிட்ட கையை வச்சுப் பாப்பேன்.”

“மூச்சு வருதான்னா?”

“கையில சூடா வந்து படும். பட்டதும் எனக்கு என்ன தோணுது தெரியுமா? இன்னைக்கும் இல்லன்னு தோணுது.” அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். “பெத்த அப்பாவை ஐயா. நான் எல்லாம் ஒரு மனுஷனா?”

ஐயர் அவரைத் தேற்றவில்லை. மனுஷன்தான் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

“மெத்தூசலாவுக்கு எத்தனை பிள்ளைங்க அண்ணாச்சி?” என்று கேட்டார்.

கணக்கு என்றதும் சிகாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பேர் போட்டிருக்கிறது லாமேக்கு ஒருத்தன்தான். அப்பறம் மகன்களும் மகள்களும் பெற்றான்னு இருக்கு. பேர் கிடையாது.”

“அந்தப் பேர் இல்லாத கூட்டத்துல ஒருத்தன். லாமேக்குக்கு இளையவன். மத்தவங்க எல்லாம் ஊர் ஊராப் போயிட்டாங்க. இவன் மட்டும் அப்பாவைப் பாத்துக்கிட்டு வீட்டோட இருந்தான். அப்பா இடுப்புல சாவி. இவனுக்கு நூறு வயசு ஆனப்ப, தனியா ஒரு வீடு கட்டிக்கவான்னு கேட்டான். நான் உசிரோட இருக்கும்போது தனி வீடான்னாரு அப்பா. சரின்னு இருந்துட்டான். முந்நூறு வயசுல, கொல்லையில ஒரு கிணறு தோண்டவான்னு கேட்டான். நான் போனப்பறம் தோண்டிக்கோன்னாரு. அதுக்கும் சரின்னுட்டான்.”

“நல்ல பிள்ளை” என்றார் சிகாமணி.

“ரொம்ப நல்ல பிள்ளை. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. அவன் அண்ணன் பேரன்...”

“அண்ணன் மகன் ஐயா. லாமேக்கு மகன்தான் நோவா.”

“ஆமா, மகன். அந்த நோவா கப்பல் கட்ட ஆரம்பிச்சான். சித்தப்பா, வந்து ஒரு கை குடுங்கன்னு கூப்பிட்டான். அப்பாகிட்ட கேட்டுட்டு வாரேன்னு இவன் போனான். அப்பா என்ன சொன்னாரு தெரியுமா? மழையா? என் எண்ணூறு வருஷத்துல நான் ஒரு மழை பாத்ததில்லன்னாரு. இவன் கப்பல் பக்கமே போகல. அப்பறம் ஒரு நாள் மெத்தூசலா செத்தாரு.”

“தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது. மழை வந்த அதே வருஷம்” என்றார் சிகாமணி. அவராகவே கூட்டிக் கழித்துக் கண்டுபிடித்த கணக்கு அது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை.

“அதேதான். சாவி இவன் கைக்கு வந்தது. எத்தனையோ நூறு வருஷமாக் காத்திருந்த சாவி. சந்தோஷம் தாங்கல. சும்மா சும்மா வீட்டைப் பூட்டுதான், திறக்கான், பூட்டுதான். அடக்கம் பண்ணி ஒரு வாரத்துல மழை பிடிச்சுது. நோவா கப்பல் வாசல்ல நின்னு, சித்தப்பா, ஓடி வாங்கன்னு கத்துதான். இந்தா வாரேன், வீட்டைப் பூட்டிட்டு வாரேன்னான் இவன்.”

ஐயர் நிறுத்தினார்.

“பூட்டினான். இழுத்துப் பாத்தான். ரெண்டு எட்டு வச்சவன் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பாத்தான். தண்ணி முழங்காலுக்கு வந்துட்டு. கப்பல்கிட்ட போனா கதவு சாத்தியிருக்கு. இவன் கையில ஒரு கொத்துச் சாவி இருந்துச்சு. அந்தக் கதவுக்கு ஒண்ணும் சேரல.”

தேரியில் காற்று எழுந்து மணல் கொஞ்ச தூரம் ஓடி நின்றது.

“இது வேதத்துல இல்லையே ஐயா.”

“பேர் இல்லாதவன் கதை எப்படி இருக்கும்?”

“அவன் என்ன தப்புப் பண்ணினான்? அப்பா பேச்சைக் கேட்டான். அவ்வளவுதானே?”

“உங்க அடுக்களைச் சுவர் என்ன கனம்?” என்று கேட்டார் ஐயர்.

“அடைச்ச இடத்துல ஒத்தைக் கல்தான்.”

ஐயர் எழுந்து குடிசைக்குப் பின்னால் போனார். கிணறு வெட்டும்போது வாங்கிய கடப்பாரையைத் தூக்கி வந்து சிகாமணி முன்னால் போட்டார்.

“அப்பா தாங்க மாட்டாவ ஐயா. நெஞ்சு அடைச்சிரும்.”

“அங்கே ஒரு நெஞ்சு அடைச்சுக்கிட்டுத்தானே இருக்கு” என்றார் ஐயர்.

சிகாமணி கடப்பாரையை சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்.

வீட்டு வாசலிலேயே அப்பா பிடித்துக்கொண்டார். “ஏல சின்னவனே, என்னல அது?”

“கடப்பாரை அப்பா.”

“அது தெரியுது. எதுக்கு?”

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தை ஒன்று இருந்தது. அது வரவில்லை. “கிணத்தடியில ஒரு கல்லு தட்டுது. பெயர்க்கலாம்னு” என்றார்.

“நாளைக்குப் பெயர்த்துக்கோ. இப்ப சாப்பிடு.”

சொர்ணபாய் அடுக்களையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கணவர் உள்ளே வந்து கடப்பாரையை மூலையில் சாத்தியபோது கடப்பாரையைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள். ஜன்னல் இருந்த இடத்தில் அவள் ஒரு காலண்டர் மாட்டியிருந்தாள். பாத்திரக் கடையில் வருஷா வருஷம் தருவது. சாமி படம் போட்டதையும் பூப்படம் போட்டதையும் வேண்டாம் என்று சொல்லி, மலையோ கடலோ போட்டதாகத்தான் கேட்டு வாங்கி வருவாள். அந்த வருஷம் குற்றாலம் அருவி. அதைத்தான் அவள் ‘என் ஜன்னல்’ என்பாள்.

“யாரு குடுத்தா?”

“ஐயர்.”

“நல்ல மனுஷன்” என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டாள். “கிணத்தடிக் கல்லுக்குன்னா குடுத்தாரு?”

சிகாமணி தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கடப்பாரை மூலையிலேயே நின்றது. சனிக்கிழமை தவறாமல் சிகாமணி தேரிக்கு வந்தார். ஐயர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு சிகாமணி காரணங்களை ஆயத்தமாக வைத்திருந்தார். பண்டிகை வருகிறது. அப்பாவுக்குச் சளி பிடித்திருக்கிறது. மகன் ஆல்வினுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, இந்த நேரத்தில் வீட்டில் சண்டை எதற்கு. எல்லாம் சரியான காரணங்கள்தான். சரியான காரணம் இல்லாமல் ஒருவர் நாற்பது வருஷம் சும்மா இருக்க முடியாது.

ஆல்வின் கல்யாணம் நடந்தது. உடன்குடியில் மருந்துக்கடை வைத்திருந்தவன், அம்மா உடம்பைப் பார்த்துவிட்டு மனைவி மெர்லினோடு வீட்டுக்கே வந்துவிட்டான். வந்த பெண் மாமியாரைக் கட்டிலில் படுக்கச் சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள். தாத்தாவிடம் பேசிப் பாருங்கள் என்று ஆல்வின் சொன்னபோது சிகாமணி தலையை ஆட்டினார்.

ஒரு சனிக்கிழமை மட்டும் ஐயர் கேட்டார். “கடப்பாரை ரொம்பக் கனமோ அண்ணாச்சி?”

“அப்பாவுக்குத் தொண்ணூத்தேழு ஆகப்போகுது ஐயா. இன்னும் எவ்வளவு நாள்? கொஞ்சம் பொறுத்தா...”

“யாரு பொறுக்கணும்?”

சிகாமணி எழுந்து போய்விட்டார்.

சொர்ணபாய் ஐப்பசி மழையில் செத்துப்போனாள். ஈரக் காற்று, ஈர விறகு. இரண்டு நாள் உட்கார்ந்தபடியே மூச்சுக்குப் போராடினாள். கடைசியில் சைகையால்தான் பேசினாள். தன்னை அடுக்களைக்குத் தூக்கிப்போகச் சொல்கிறாளா, அடுக்களையிலிருந்து யாரையோ கூப்பிடச் சொல்கிறாளா என்று யாருக்கும் விளங்கவில்லை. அந்தப் பக்கமாகவே கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். பிறகு கை விழுந்துவிட்டது.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு தேவாசீர்வாதம் மகனைக் கூப்பிட்டார்.

“ஏல சின்னவனே. அவ ஜன்னல் கேட்டாள்லா.”

“ஆமா.”

“திறந்து குடுத்திருக்கலாம்லா? பாவம், மூச்சு முட்டியே போயிட்டா.”

சிகாமணிக்குத் தன் காதுகளை நம்ப முடியவில்லை. “நீங்கதானே அப்பா வேண்டாம்னிய?”

“நான் வேண்டாம்னுதான் சொன்னேன். நீ ஏன் கேட்டே?”

சிகாமணி அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“அந்த ஜன்னல் எங்கப்பா வச்சது. நான் அடைக்கப் போனப்ப, அடைக்காதலன்னு கையைப் பிடிச்சாரு. ரெண்டு நாள் பட்டினி கெடந்தாரு. நான் அடைக்கலையா? மூணாம் நாள் பசிச்சுது, எழுந்து வந்து சாப்பிட்டாரு.” கிழவர் பல்லில்லாத வாயை மென்றுகொண்டார். “நீ உடைச்சிருந்தா நானும் ரெண்டு நாள் பட்டினி கெடந்திருப்பேன். அவ்வளவுதான்.”

தகப்பன் பேச்சை மீறினவருக்குத் தொண்ணூற்றேழு வயது. சிகாமணி வாழ்க்கை முழுவதும் போட்ட கணக்கு அந்த ஒரு வாக்கியத்தில் தப்பாகிப் போனது.

தேவாசீர்வாதம் இடுப்பில் துழாவினார். முடிச்சு இறுகிப் போயிருந்தது. அவிழ்க்க முடியாமல் கயிற்றையே அறுக்கச் சொன்னார்.

“இந்தா. இனி நீயே வச்சுக்கோ. எனக்கு இடுப்பு வலிக்கு.”

அன்று மத்தியானம் சிகாமணி அடுக்களைக்குள் போய்க் காலண்டரைத் தூக்கிப் பார்த்தார். எதற்காகத் தூக்கினார் என்று அவருக்கே தெரியாது. அதற்குப் பின்னால் பூச்சு நாலைந்து இடத்தில் கொத்துப்பட்டிருந்தது. நகத்தின் ஆழம்கூட இல்லை. ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, நிற்கவே முடியாதவள் அந்தக் கடப்பாரையைத் தூக்கியிருக்கிறாள். அது வீட்டுக்கு வந்த பிறகு அதைச் சுவரில் வைத்தவள் அவள் ஒருத்திதான்.

அவர் காலண்டரைத் திரும்பத் தொங்கவிட்டார். அதன் முன்னாலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

அடுத்த சனிக்கிழமை சிகாமணி தேரிக்கு வரவில்லை. அதற்கு அடுத்ததற்கும் வரவில்லை. கிறிஸ்துமஸ் எல்லாம் கழிந்த பிறகு ஒரு நாள் வந்தார். சைக்கிளிலிருந்து கடப்பாரையை அவிழ்த்துக் கொண்டுவந்து ஐயர் காலடியில் வைத்தார். அதன் முனையில் கொஞ்சம் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

நடந்ததை எல்லாம் சொன்னார். அப்பா கேட்ட கேள்வியைச் சொன்னார். பூச்சில் இருந்த கொத்தைச் சொல்லும்போது விரல் நகத்தைத் தொட்டு ஆழம் காட்டினார். ஐயர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்பா எப்படி இருக்காரு?”

“நல்லா இருக்காவ. சத்தமெல்லாம் கிடையாது இப்ப. கஞ்சி ரெண்டு வேளை.”

“சாவி?”

சிகாமணி சட்டையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். வேட்டி மடிப்புக்கு மேலே, புதுக் கயிற்றில் தொங்கியது.

“ஜன்னல்?”

“அப்படியேதான் இருக்கு ஐயா.”

ஐயர் நிமிர்ந்து பார்த்தார்.

“அப்பாவே சொல்லிட்டாவ, புகை கண்ணைக் கரிக்குது, திறந்து விடுலன்னு. ஆல்வினும் கேட்டான். கொத்தனாரையே கூட்டிட்டு வந்துட்டான். நான் திருப்பி அனுப்பிட்டேன்.”

“ஏன்?”

“எப்படி ஐயா திறக்க முடியும்?” சிகாமணியின் குரல் உயர்ந்தது. அந்தக் குரலை ஐயர் அதுவரை கேட்டதில்லை. “அவ கேட்டுக் கேட்டுச் செத்த சுவரு. அவளுக்கு இல்லாத காத்து வேற யாருக்கு? அவ கொத்தின அடையாளம் அதுல இருக்கு. அவ மாட்டின காலண்டர் இருக்கு, ஐப்பசித் தாளைக்கூட நான் கிழிக்கவிடல. அவ கை பட்டது அந்த வீட்டுல அது ஒண்ணுதான் ஐயா மிச்சம். அதை உடைச்சுக் குப்பையில கொட்டச் சொல்லுதியளா?”

“மருமகள் எங்க சமைக்கிறா?”

“அங்கதான்.”

“விறகுலயா?”

“காஸ் வாங்குவோம்னு ஆல்வின் சொன்னான். அவ ஊதாத அடுப்பு அந்த வீட்டுல எதுக்குன்னு கேட்டேன். பேசாம போயிட்டான். நல்ல பையன் ஐயா. எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டான்.”

“அவளுக்கு என்ன வயசு?”

“யாருக்கு, மெர்லினுக்கா? இருபத்தாறு. இப்ப நாலு மாசம்.” சிகாமணி கொஞ்சம் யோசித்தார். “ஒரு இருமல் இருக்கு. மழைக்காலத்துச் சளியா இருக்கும்.”

ஐயர் கடப்பாரையை எடுத்து, முனையில் இருந்த சுண்ணாம்பை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“பிள்ளைங்ககிட்ட என்ன சொல்லியிருக்கிய?”

“என்ன சொல்ல? நான் இருக்கிற வரைக்கும் அதை யாரும் தொடக்கூடாது. நான் கண்ணை மூடினப்பறம் என்னவும் பண்ணிக்கோங்கன்னு சொல்லிட்டேன்.”

சொல்லிவிட்டு அவர் இடுப்புச் சாவியைச் சரி செய்துகொண்டார். ஐயர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமலோ என்னவோ, சிகாமணி பழைய பேச்சுக்குப் போனார்.

“அன்னைக்கு நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லல ஐயா. எனக்கு இன்னும் விளங்கல. அவங்க எல்லாம் எப்படித்தான் தொள்ளாயிரம் வருஷம் இருந்தாங்க?”

ஐயர் கடப்பாரையை மணலில் கிடத்தினார்.

“தேவாசீர்வாதம் தேவாசீர்வாதத்தைப் பெற்றான்” என்றார். “அப்படித்தான் அண்ணாச்சி.”